பயத்துக்கு ஒரு டிக்கெட்

சிங்கப்பூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். "அத்தான், தீபாவளி லீவுக்கு எப்படியும் இங்க வர்றீங்க. யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல ஹாலோவீன் பேய் வீடெல்லாம் போடுவான். சாதா டிக்கெட்டா, எக்ஸ்பிரஸா? சொன்னீங்கன்னா புக் பண்ணிடறேன்."

சாதா என்றால் ஒவ்வொரு பேய் வீட்டு வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்றால் கூடுதல் காசு கொடுத்து வரிசையைத் தாண்டிப் போகலாம்.

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ஏல, பயப்படுததுக்குமா துட்டு குடுக்கணும்?"

செம்பூருக்கு வந்து முப்பது வருஷமாகியும் அம்மாவின் பேச்சைவிட்டு திருநெல்வேலி போகவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. வங்கிக்காரன் புத்தி, கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். பயத்துக்கு எப்போது விலை போட ஆரம்பித்தார்கள்?

பிரெஞ்சுப் புரட்சி முடிந்த கையோடு என்று சொல்லலாம். 1799இல் பாரீஸ் நகரில் ராபர்ட்சன் என்பவர் கைவிடப்பட்ட ஒரு கன்னிமாடத்தில் இருட்டறைக் காட்சி நடத்தினார். சக்கரம் வைத்த விளக்குப் பெட்டியைத் திரைக்குப் பின்னால் நகர்த்தினால் பேய் உருவம் பெரிதாகி ஆட்களை நோக்கிப் பாய்வதுபோல் தெரியும். காசு கொடுத்து உள்ளே வந்து அலறினார்கள் ஜனங்கள்.

அடுத்தவர் மேடம் துஸ்ஸோ. 1835இல் லண்டன் பேக்கர் தெருவில் நிரந்தரமாக மெழுகுச் சிலைக்கூடம் வைத்தார். ராஜா ராணிகளைப் பார்க்க ஒரு ஷில்லிங். கொலைகாரர்களும், கில்லட்டினில் வெட்டப்பட்ட தலைகளும் இருந்த தனி அறைக்குப் போக இன்னும் ஆறு பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்பதால் பயத்துக்கு மட்டும் ஐம்பது சதவீத சர்சார்ஜ்! எக்ஸ்பிரஸ் டிக்கெட்டின் கொள்ளுப்பாட்டி இந்த ஆறு பென்ஸ்தான்.

அமெரிக்காக்காரன் இதை இன்னும் பிரித்தான். டிஸ்னிலேண்டில் அப்போது ஏ முதல் ஈ வரை கூப்பன்கள். 1969இல் திறந்த பேய் மாளிகைக்கு இருப்பதிலேயே உயர்ந்த ஈ கூப்பன் வேண்டும். 1973இல் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் ஹாலோவீனுக்காக இரவுக் காட்சிகளைத் தொடங்கியது. 1991இல் ஃப்ளோரிடா யுனிவர்சல் மூன்றே இரவுகள், ஒரே ஒரு பேய் வீடு, டிக்கெட் 12.95 டாலர் என்று ஆரம்பித்தது. அதுதான் வளர்ந்து 2011இல் சிங்கப்பூருக்கும் வந்தது.

சினிமாப் பேய்கள் இதில் எப்படி நுழைந்தன? ஒரு பேய் வீட்டை நடந்து கடக்கச் சில நிமிஷம்தான். ஒரு அறையில் சில விநாடிகள். அதற்குள் கதை சொல்ல முடியாது. 2007இல் ஃப்ளோரிடாவில் ஃப்ரெடி, ஜேசன் போன்ற சினிமாக் கொலைகாரர்களைக் கொண்டுவந்தபோது அந்தச் சிக்கலே இல்லை. முகமூடியைப் பார்த்தவுடன் ஜனங்களே மீதிக் கதையை நிரப்பிக்கொள்வார்கள். வாசல் பலகையில் படத்தின் பேர் இருந்தால் டிக்கெட்டும் விற்கும். பி.காம் படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் :-)

நம் பம்பாயும் சளைத்ததில்லை. மேளாக்களில் மரணக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தகர ஷெட் போட்ட 'பூத் பங்களா' இருக்கும். மெஹ்மூத் இதே பேரில் 1965இல் படமே எடுத்தார். 2013இல் கோபோலி பக்கம் திறந்த இமேஜிகாவில் சலீம்கட் என்று ஒரு பேய்க் கோட்டை வைத்தார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அம்மா, "எங்கூர்ல டிக்கெட்டு கெடையாது, வரிதான்" என்றாள்.

யோசித்தால் பெரிய விஷயம். சுடலைமாடன் கொடையில் நள்ளிரவு சாமியாடி தனியாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அவர் திரும்பும்வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய பயக்காட்சி எந்த யுனிவர்சலில் உண்டு? ஆனால் செலவு தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பார்கள். பணக்காரனுக்கு எக்ஸ்பிரஸ் வரிசை இல்லை. தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் நெல்லைக் குடும்பங்கள் இன்றைக்கும் ஊர்க் கொடைக்கு வரி அனுப்புகின்றன. முன்பு மணியார்டர், இப்போது யுபிஐ.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் பேய்களுக்கு வழக்கு இருக்கிறது. வில்லுப்பாட்டில் பாடும் இசக்கி, நகைக்காகக் கொல்லப்பட்ட பெண். மறுபிறவி எடுத்து வந்து பழி தீர்க்கிறாள். பிறகு அவளுக்கே பீடம் கட்டிக் கும்பிடுகிறார்கள். அநியாயமாகச் செத்தவரை மறக்காமல் இருக்க ஊர் செய்துகொண்ட ஏற்பாடு அது. 2005இல் வந்த சந்திரமுகியும், 2011இல் வந்த காஞ்சனாவும் ஓடியது சும்மா இல்லை. ஒருத்தி காதலனை இழந்த நாட்டியக்காரி. இன்னொருத்தி நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. டிக்கெட் வாங்கிப் பார்த்தாலும் அடியில் இருப்பது கொடைக் கதைதான்.

சிங்கப்பூரில் 2018இல் அமெரிக்கத் தொடரான ஸ்ட்ரேஞ்சர் திங்ஸுக்கு ஒரு வீடும், மலாய்க்காரர்களின் பொந்தியானாக்குக்கு ஒரு வீடும் வைத்தார்கள். பொந்தியானாக், பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. இசக்கியின் தூரத்துச் சொந்தம் மாதிரி. என் மகளுக்கு ஹாலிவுட் பேய்கள் அத்தனையும் அத்துபடி. இசக்கி யார் என்று கேட்டால், "பாட்டி ஊர் சாமி" என்பதற்கு மேல் தெரியாது. தப்பு அவள்மேல் இல்லை. நான் சொல்லவில்லை.

இரவு மச்சினனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்கும் மகளுக்கும் இரண்டு டிக்கெட். பையனுக்குப் பதினொரு வயசுதான். பதினாறுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அவன் பாட்டியோடு வீட்டில். இந்த ஊர்ப் பேய் ஏதாவது இருந்தால் முதலில் அந்த வீடு, பிறகு அவள் இஷ்டப்படி சினிமாப் பேய்.

"எக்ஸ்பிரஸ்தானே அத்தான்?"

"வேண்டாம்ப்பா, சாதாவே போடு."

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பான். அதுவும் உண்மைதான் :-) ஆனால் ஒவ்வொரு வாசலிலும் வரிசையில் நிற்கும் நேரம் எனக்கு வேண்டும். இசக்கி கதையை முழுசாகச் சொல்ல ஒரு மணி நேரமாவது ஆகும்.