வெயில் மணிக்கணக்கு: மலையகத் தோட்டங்களில் வானிலை முன்கணிப்பு வளர்ந்த கதை

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் ஹட்டனில் நாள்கணக்காக வெயில் முகம் காட்டாது. இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலையேறும் கொழுந்துப் பெண்கள் பத்தடி தூரத்திலேயே மூட்டத்துக்குள் மறைந்துபோவார்கள். அதே காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டி, வறண்டு சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். கரையோரம் கொதிப்பதும் மலை நனைவதும் ஒரே காற்றின் இரண்டு வேலைகள்.

இலங்கையில் கோடை வெப்பத்தை முன்கூட்டிச் சொல்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் கரையோரத்தோடு நின்றுவிடுகிறது. முகட்டின் இந்தப் பக்கம், நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் தோட்டங்களில், ‘நாளைக்கு வெயில் வருமா’ என்ற கேள்வி எப்படி அறிவியலாக மாறியது என்பதை இக்கட்டுரை தொடர்கிறது. மலையகத்தில் முன்கணிப்பு இலைக்காகவே பிறந்தது என்பது என் வாதம். இலை காசு என்பதால் அந்தக் கணிப்பு வியக்கத்தக்க நுணுக்கத்தோடு வளர்ந்தது. மனிதருக்கான கணிப்பு இன்னும் அந்த நுணுக்கத்தை எட்டவில்லை.

தொடக்கம் தேயிலையில் இல்லை, கோப்பியில் இருக்கிறது. 1869இல் கோப்பி இலைகளின் அடியில் பங்கசு நோயான செம்மஞ்சள் துரு தென்பட்டது. பத்தாண்டுக்குள் தோட்டங்கள் ஆட்டம் கண்டன. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து எண்ணினார். வித்தி காற்றில் பரவும், ஆனால் இலையில் ஒரு துளி நீர் இருந்தால்தான் முளைக்கும் என்று நிறுவினார். நோயின் திறவுகோல் வானிலையில் இருக்கிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. எந்த வாரம் ஆபத்து, எந்த வாரம் பாதுகாப்பு என்று சொல்லத்தான் அவரால் முடியவில்லை. கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

நுவரெலியாவின் தொடர்ச்சியான மழைப் பதிவும் துரு தென்பட்ட அதே 1869ஆம் ஆண்டளவில்தான் தொடங்குகிறது. தற்செயல்தான். அன்று வானிலைப் பதிவு நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. 1907இல் கொழும்பில் அவதான நிலையம் அமைந்தது, 1948இல் அது தனித் திணைக்களம் ஆனது. மலைநாட்டில் அரசு நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் தோட்டம் தோட்டமாக மழைமானிகள் நின்றன. காலையில் மானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, கந்தோரில் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். இலங்கை மழை வரைபடத்தின் மலைப்பகுதி பெருமளவு இந்தத் தோட்டப் பதிவுகளால்தான் நிரம்பியது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை, அங்கிருந்து பறவை பறக்கும் தூரத்தில் நுவரெலியா நகரில் 1,900 அளவில்தான் என்ற வேறுபாட்டை இப்படித்தான் அறிந்தோம்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி, 1929இல் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,382 மீற்றர் உயரத்தில், நிலைகொண்டது. அதன் உண்மையான வானிலைச் சோதனை 1946இல் வந்தது. அசாமில் பல பத்தாண்டுகளாக இருந்த, தேயிலையின் பங்கசு நோயான கொப்புள நோய் அந்த ஆண்டு இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சேர்ந்தே வந்து இறங்கியது.

இந்த நோய் முற்றிய இலையைத் தொடாது. பறிக்கிற இளங்கொழுந்தையே பிடிக்கும். முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி. பிறகு மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் போலப் புடைக்கும். அந்த வெள்ளை முழுவதும் வித்திகள். மூன்று நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்த தலைமுறை காற்றில் ஏறிவிடும். செம்பு மருந்து அடித்தால் அடங்கும். ஆனால் மழைக்காலம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று மருந்துப் பம்பை முதுகில் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்குவது எத்தனை ஆள்கூலி! எனவே நிறுவனம் கேட்ட கேள்வி நடைமுறையானது: எப்போது மருந்து அடிக்காமல் இருக்கலாம்?

விடை ஒரு கண்ணாடி உருண்டையில் இருந்தது. கம்பெல்-ஸ்டோக்ஸ் வெயில்பதிவுக் கருவி ஏறத்தாழ நான்கு அங்குல விட்டமுள்ள திண்மக் கண்ணாடிக் கோளம். அதன் பின்னால் வளைந்த தாங்கியில், மணிக்கோடுகள் அச்சிட்ட ஓர் அட்டை. வெயில் அடித்தால் கோளம் ஒளியைக் குவித்து அட்டையில் ஒரு கருகல் கோட்டைச் சுடும். சூரியன் நகர நகரக் கோடும் நகரும். மூட்டம் வந்தால் கோடு அறும், மெல்லிய மூட்டமென்றால் பழுப்புப் புள்ளிகள் மட்டும் விழும். மாலையில் அட்டையை எடுத்து, கருகிய நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் மணிக்கணக்கு கிடைத்துவிடும். மின்சாரம் இல்லை, நகரும் பாகம் ஒன்றும் இல்லை. ஜூலை மாதத்து அட்டை பல நாட்கள் போட்டது போலவே வெளியே வரும்.

நிறுவனத்தின் விஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருகல் கோட்டையும் கொப்புளங்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தது. நோயை மழையின் அளவைவிட வெயிலின் மணிக்கணக்கு நன்றாகச் சொன்னது. காரணம் எளிது. வித்தி மெல்லிய தோலுடையது, நேரடி வெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும். ஐந்து நாள் சராசரி நாளொன்றுக்கு 3¾ மணி நேரத்தைத் தாண்டினால் மருந்துச் சுற்றைத் தள்ளிப்போடலாம் என்ற அளவுகோல் இதிலிருந்து பிறந்தது. வேறு நாட்டின் சூத்திரத்தைக் கடன் வாங்காமல் சென். கூம்ஸ் சரிவிலேயே எண்ணிக் கண்டது என்பதால் இந்த எண்ணை மலையக அறிவியல் வரலாற்றின் முக்கிய எண்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

அடுத்த படியை அலன் கெர் எடுத்துவைத்தார். பின்னாளில் தாவர நோய்க்கு உயிரியல் கட்டுப்பாடு கண்டு உலகப் புகழ் பெற்ற இவர், 1963 முதல் 1966 வரை தலவாக்கலையில் பணியாற்றினார். சண்முகநாதனோடு சேர்ந்து வித்தி உருவாகும் விதத்தை ஆராய்ந்தார். பிறகு ரொட்ரிகோவுடன் 1967இல் முன்கணிப்புச் சமன்பாடுகளை வெளியிட்டார். ஒரு முறையில் காற்றிலுள்ள வித்திகளை எண்ண வேண்டும், அதற்குக் கருவியும் நுணுக்குக்காட்டியும் தேவை. எளிய முறையில் நூறு கொழுந்தில் எத்தனை கொப்புளம் என்று எண்ணி, வெயில் மணிக்கணக்கோடு சேர்த்தால் போதும், வரப்போகும் நோயின் அளவு தெரிந்துவிடும். கருவி இல்லாத தோட்டமும் கணிக்கலாம் என்றானது. வார்டால் கோப்பிக்குச் சொல்ல முடியாததைத் தேயிலைக்குச் சொல்ல எண்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

ஓர் இடைக்குறிப்பு. வானிலைக்குத் தனித் திணைக்களம் வந்த 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. கெர் தலவாக்கலையில் வித்தி எண்ணிக்கொண்டிருந்த 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரித்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. மருந்துப் பம்பைச் சுமந்தவர்களும் கொழுந்தெடுத்தவர்களும் அந்தக் கணக்குக்குள் இருந்தார்கள்.

வெயிலை வரவேற்ற இந்த அறிவியலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மூட்ட மாதங்களில் கொழுந்துக்கு ஒளி கிடைக்க வேண்டும் என்று நிழல் மரங்களின் கிளையைத் தறிப்பது வழக்கமானது. அதே நிழல்தான் வறட்சியில் செடியைக் காப்பது. 1992 வறட்சி இந்த முரணைக் கூர்மையாகக் காட்டியது. 1991இல் ஏறத்தாழ 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி மறு ஆண்டு 18 கோடிக்கும் கீழே சரிந்தது. தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனதும் அதே ஆண்டுதான். இதன்பின் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் விஜேரத்னவும் அவரது குழுவினரும் வெப்பத்தின் பக்கம் திரும்பினார்கள். ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை ஏற விளைச்சலும் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1869இல் தொடங்கிய பழைய பதிவுகளைப் புரட்டிய புவியியலாளர் மத்தும பண்டார, நுவரெலியாவின் ஆண்டு மழை நூற்றாண்டுக் கணக்கில் குறைந்து வந்திருப்பதைக் காட்டினார்.

மனிதருக்கான எச்சரிக்கை இதற்கெல்லாம் பிந்தியே வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தொடங்கியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அதன் அளவுகோல். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தை லயங்கள் மண்ணில் புதைந்தன. அங்கு ஆபத்து உண்டென்று 2005லும் 2011லும் அறிவித்திருந்ததாக அந்நிறுவனம் பின்னர் கூறியது. கொப்புள நோய்க் கணிப்பு வந்தபோது மருந்துப் பம்பு தயாராக இருந்தது. மண்சரிவுக் கணிப்பு வந்தபோது போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை.

வெப்பத்தின் கதை இன்னும் விசித்திரமானது. வளிமண்டலவியல் திணைக்களம் கோடையில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல்களில் கரையோர, தாழ்நில மாவட்டங்களின் பெயர்கள் வரும். நுவரெலியாவை அநேகமாகக் காண முடியாது. ஆண்டுச் சராசரி 16 பாகைக்குக் கிட்ட இருக்கும் ஊர் எப்படி வரும்? அந்தச் சுட்டெண் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மட்டுமே, அதுவும் நிழலில் அளந்து, கூட்டிப் பார்ப்பது. வெயில் அதன் கணக்கிலேயே இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் மூட்டமில்லாத சரிவில் காலை முதல் மாலை வரை நிற்கும் பெண்ணின் மேல் விழுவது நேர் வெயில், அதுவும் காற்று மெலிந்த உயரத்து வெயில். தேயிலை பங்கசின் மேல் விழும் வெயிலை நிமிடக் கணக்கில் அளந்த மலையிலேயே, கொழுந்து பறிப்பவரின் மேல் விழும் வெயிலுக்கு அளவுகோல் இல்லை.

தொடங்குவதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. பழைய வெயில் அட்டைகளும் தோட்டக் கந்தோர்களின் மழைப் புத்தகங்களும் போதும். 1970களின் தேசியமயமாக்கலையும் 1992இன் கைமாற்றத்தையும் தாண்டி அவற்றில் சில அலுமாரிகளிலும் ஸ்டோர் மூலைகளிலும் தப்பிக் கிடக்கலாம். உங்கள் தோட்டத்திலோ வீட்டிலோ அப்படி ஒரு புத்தகம் கண்ணில் பட்டால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தலவாக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திடமோ பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையிடமோ காட்டுங்கள்.