ஆயமும் விடுதியும்: மகளிர் கல்விக் குழுக்களில் தலைமை

தமிழ்நாட்டில் மகளிர் உயர்கல்வியின் வரலாறு பெரும்பாலும் கல்லூரிகள் நிறுவப்பெற்ற ஆண்டுகளைக் கொண்டே கூறப்பெறுகின்றது. 1914-இல் சென்னையில் பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்ற மகளிர் கல்லூரியும், 1915-இல் கிறித்தவ மகளிர் கல்லூரியும் தோன்றின. இவை யாவரும் அறிந்தவை. ஆயினும், கற்க வந்த பெண்கள் யாண்டுத் தங்கினர், யார் பொறுப்பில் ஒருங்கு வாழ்ந்தனர், அவர்தம் கூட்டத்திற்குத் தலைமை எவ்வாறு அமைந்தது என்பன அவற்றினும் குறைவாக எண்ணத்தக்க வினாக்கள் அல்ல. இக்கட்டுரையில் அவ்வினாக்களை இரு தலைவியரின் வரலாறு கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் பண்டை இலக்கிய மரபை நோக்குவோம். அகப்பாடல்களில் தலைவியைச் சூழ்ந்த மகளிர் கூட்டம் ஆயம் எனப்படும். அவ்வாயத்துள் சிறந்தவள் தோழி. அவள் செவிலியின் மகள் என்பது தொல்காப்பியர் கூறும் இலக்கணம். தலைவியின் உள்ளத்தை அறிந்து அவளுடன் உறைதல் ஒன்று. அவள் வாய்திறவாத காலத்து, வீட்டாரிடம் அவள் பொருட்டு உண்மையை எடுத்துரைத்தல் மற்றொன்று. பின்னதனையே அறத்தொடு நிற்றல் என்பர். தோழியின் தலைமை இவ்விரண்டாலும் அமைவது. ஆண்டாள் அருளிய திருப்பாவையில் இன்னொரு கூறு புலனாகின்றது. அதன் முப்பது பாசுரங்களுள் ஆறு முதல் பதினைந்து முடிய உள்ள பத்தும் உறங்கும் தோழியரை ஒவ்வொரு வாயிலிலும் நின்று எழுப்புவன. எஞ்சியவளை விட்டுச் செல்லாமை அக்கூட்டத்தின் நெறி.

எனவே, உடனுறைதல், பரிந்துரைத்தல், விடாது அழைத்துச் செல்லல் என்னும் மூன்றும் மகளிர் கூட்டத் தலைமைக்குரிய பண்புகள் எனக் கொள்ளலாம். ஆயின், சங்க கால ஆயம் ஒரு மனையைச் சார்ந்த சிறு வட்டம் என்பதையும் மறத்தல் ஆகாது. அவ்வட்டத்தின் வாயில் எதுவரை திறக்கும் என்னும் வினா அக்காலத்தில் எழவில்லை. அது பின்னர் எழுந்தது.

1886-ஆம் ஆண்டில் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் சிறுமியாய் இருந்தபோதே மணமும் கைம்மையும் எய்தியவர். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் எனப் போற்றப்படுகின்றார். தம் கல்வியோடு அவர் அமையவில்லை. 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இளங் கைம்பெண்களைச் சேர்த்துத் தம் இல்லத்திலேயே கற்பிக்கத் தொடங்கினார். அக்காலத்துப் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் போதவில்லை. ஆகவே கைம்பெண்களை ஆசிரியைகளாக்கும் முயற்சிக்கு அரசினர் துணையும் கிடைத்தது. கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் அவர்தம் விடுதியாயிற்று. 1897-இல் விவேகானந்தர் தங்கிய கட்டடமும் அதுவே. 1922-இல் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அவர் தலைமையில் வளர்ந்தது.

ஈண்டு அவர் பெற்ற பெயர் கருதத்தக்கது. உலகம் அவரைச் ‘சிஸ்டர்’ சுப்புலட்சுமி என்றே அழைத்தது. விடுதிப் பணியில் உடனிருந்த அவர் சிற்றன்னையாரோ யாவர்க்கும் ‘சித்தி’ ஆனார். தாயும் மாமியும் ஆண்ட மனையை விட்டு வந்த பெண்கள், தமக்கையும் சித்தியும் உள்ள மற்றொரு மனையைக் கண்டனர். பதவிப் பெயரினும் உறவுப் பெயரே ஆட்சிக்கு உதவிற்று. தாமும் அதே துயர் உற்றவராதலின் உடனுறைதல் அவர்க்கு எளிதாயிற்று. மகளை அனுப்பத் தயங்கிய தந்தையரிடம் பேசி இசைவு பெற்றதைப் பரிந்துரைத்தல் எனலாம்.

ஆயின் அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கெனவே அமைந்தது. ஆசாரங்கள் அங்குக் காக்கப்பட்டன. அவை காக்கப்படாவிடின் அப்பெண்கள் வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டிரார் என்பதும் உண்மை. இதனைச் சுட்டி அவர் பணியைக் குறைத்து மதிப்பிடுவாரும் உளர். இதனை மறைத்துப் புகழ்வாரும் உளர். இரண்டும் முழு உண்மை ஆகா. எந்தக் கட்டுப்பாட்டால் கதவு திறந்ததோ, அந்தக் கட்டுப்பாட்டாலேயே பிறர்க்கு அது மூடியும் இருந்தது என்று கொள்வதே வரலாற்று நோக்கிற்கு ஏற்றது.

அதே 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் தாயார் தேவதாசி மரபினர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் முன்னின்று உழைத்து, சென்னைச் சட்ட மேலவையின் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் முயன்ற காலத்தில், அம்மரபைத் துறந்து வந்த சிறுமியர் சிலர் அவரை நாடினர். சாதி வகையால் அமைந்திருந்த விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் அச்சிறுமியரைத் தம் இல்லத்திலேயே ஏற்றார். 1930-இல் ஔவை இல்லம் தோன்றியது இவ்வாறே.

இவ்வில்லத்தின் பெயரும் ஆராயத்தக்கது. ஔவை என்பது தாயையும் மூத்தவளையும் குறிக்கும். அதனோடு தொடர்புடைய தவ்வை என்னும் சொல் தமக்கையைக் குறிப்பது. திருக்குறளில் திருமகளின் தமக்கையைச் சுட்ட அச்சொல் வருகின்றது. ‘சிஸ்டர்’ என்ற பெயரும் ‘ஔவை’ என்ற பெயரும் ஒரே உறவு நெறியின் இரு வடிவங்கள் ஆதல் காண்க. வேறுபாடு வாயிலில் உள்ளது. முன்னதன் வாயிலில் பிறப்பு வினவப்பட்டது. பின்னது, பிறப்புக் காரணமாகப் பிற வாயில்களில் மறுக்கப்பட்டவர்க்கென்றே திறந்தது.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் தமக்குள் அமைத்துக்கொண்ட சகோதரிச் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. அவை வெள்ளை மகளிர்க்கே உரியனவாய் இருந்தன. 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகக் கறுப்பின மாணவியர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் சங்கத்தைத் தொடங்கினர். 1913-இல் அதனினின்று பிரிந்த இருபத்திருவர் டெல்ட்டா சிக்மா தீட்டாவை நிறுவி, அவ்வாண்டு மார்ச்சு 3-ஆம் நாள் வாசிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டனர். தம்முள் நட்புப் பேணும் வட்டம், பொதுமக்கள் பொருட்டுப் பேசும் மன்றமாக மாறியமையே ஈண்டு நாம் கொள்ள வேண்டிய கருத்து.

இவ்வாராய்ச்சி கொங்கு நாட்டிற்கும் பொருந்துவது. கரூருக்கும் காங்கேயத்திற்கும் இடையே, விசைத்தறி ஒலிக்கும் வெள்ளகோவிலிலிருந்து பெண்கள் ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய ஊர்களின் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். விடுதியில் தங்குவோருள் ஒருத்தி மாணவியர் தலைவி ஆகின்றாள். உணவுக் கணக்கு, நோயுற்றவளுக்குத் துணை, காப்பாளரிடம் முறையீடு என அவள் பணிகள் சிறியன போலத் தோன்றும்; எண்ணிப் பார்ப்பின் அவை தோழியின் பணிகளே.

ஆயின் அதே கொங்கு நாட்டில் நூற்பாலைகளைச் சார்ந்த மகளிர் விடுதிகளும் உள்ளன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரால், ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்தபின் திருமணச் செலவிற்கென ஒரு தொகை தரப்படும் என்ற உறுதியின்மேல் இளம்பெண்கள் பலர் பணிக்கு அமர்த்தப்பட்டனர். வெளியே செல்லவும் பிறரோடு பேசவும் இருந்த தடைகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் கண்டிக்கப்பெற்றன. கல்லூரி விடுதியில் இருப்பவளும் ஆலை விடுதியில் இருப்பவளும் பெரும்பாலும் ஒத்த வயதினர். சில வேளைகளில் ஒரே ஊரினர். முன்னவளுக்குத் தன்னுள் ஒருத்தி தலைவியாக உண்டு. பின்னவளுக்கோ நிருவாகம் அமர்த்திய காப்பாளரே உண்டு. அவள் பொருட்டு அறத்தொடு நிற்பார் அரியர்.

மகளிர் கல்விக் குழுவின் தலைமையை அளக்க நாம் கண்ட அளவுகோல் இதுவே. உள்ளிருப்போரை அன்போடு காத்தல் அதன் தொடக்கம். வாயிற்புறத்தே நிற்பவள் யார் என்று நோக்கி, அவள் பொருட்டும் பேசும்பொழுதே தமக்கை என்னும் பெயர் முழுப்பொருள் பெறும். சுப்புலட்சுமி அம்மையார் ஒரு வாயிலைத் திறந்தார். முத்துலட்சுமி அம்மையார் அதனினும் அகன்ற ஒன்றைத் திறந்தார். இன்று மாணவியர் தலைவியாகும் கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது ஆலை விடுதியின் வாயில்.