இல்லாத விசையில் பிறக்கும் எழுத்து



கிராணியார் செக்ரோலில் 'அழகு' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால், பறவையின் மூக்கைக் குறிக்கும் 'அலகு' என்றும் அதைப் படித்துவிடலாம். ஓர் எழுத்து போனால் பெயரே மாறிவிடுகிறது. எழுதும் கருவியில் இல்லாத எழுத்தை எவ்வாறு எழுதுவது? இக்கேள்விக்கு மனிதர் கண்ட விடையின் வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்கரான ஷோல்ஸும் நண்பர்களும் அமைத்த தட்டச்சுப் பொறி 1874-இல் விற்பனைக்கு வந்தது. அது ஆங்கிலத்துக்கென்றே செய்யப்பட்டது. பிரெஞ்சு மொழியிலோ எழுத்தின் தலைமேல் குறிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் தனி விசை வைக்க இடமேது? அதற்காகவே நகரா விசை தோன்றியது. மற்ற விசைகளைத் தட்டினால் தாள் ஓரெழுத்து நகரும். இதைத் தட்டினால் நகராது. முதலில் குறி பதியும். அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே அமரும்.

தமிழிலோ 247 எழுத்துகள்! யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, மலாயா வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தார்கள். நகரா விசை அங்கும் துணைநின்றது. நம் புள்ளி எழுத்தின் தலைமேல் ஏறியது.

பின்னர்க் கணினி வந்தது. ஆயினும் விசைகள் சிலவே. 1980-களின் தொடக்கத்தில் டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் 'கம்போஸ்' என்றொரு விசையைத் தன் விசைப்பலகையில் சேர்த்தது. கூட்டு விசை எனலாம். அதை அழுத்தியபின் தட்டும் இரண்டு விசைகள் கூடி ஓரெழுத்தாகும்.

1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். லினக்ஸ் கணினியிலும் கூட்டு விசை உண்டு. வலப்பக்க ஆல்ட் விசையை அதற்கென அமைத்துக்கொள்ளலாம். அதை அழுத்திவிட்டு, 'ஓ', 'சி' என்னும் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் வட்டத்துள் 'சி' அமைந்த பதிப்புரிமைக் குறி தோன்றும்.

வேறொரு வழியும் உண்டு. 1991-இல் வெளியான யூனிகோடு முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் எழுத்துகளும் அதில் இடம்பெற்றன. லினக்ஸின் பல செயலிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், 'யு' மூன்றையும் சேர்த்து அழுத்தி, பூஜ்யம், பி, பி, நான்கு எனத் தட்டி, இடைவெளி விசையை அழுத்தினால் 'ழ' வந்து நிற்கும்.

நாள்தோறும் எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையே எளிது. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட அது லினக்ஸிலும் உள்ளது. அதில் 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' ஆகும். தோட்டப் பள்ளியில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் நாம் கற்பிக்கும் உயிர்மெய்ப் பாடமும் இதுதானே!

ஆகவே, விசையில் இல்லையென்று எழுத்தைக் கைவிட வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை கணினிமுன் அமரும்போது, பாட்டியின் பெயரை முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதில் ழகரம் இருந்தால், அது 'ழ'வாகவே இருக்கட்டும்.