மானியமும் பத்து வெள்ளியும்



பள்ளி விடுமுறையில் வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்தபோது, பழைய கோப்பு ஒன்று கைக்குக் கிட்டியது. ரவாங் வட்டாரத்தில் நண்பர்கள் சிலர் கூடி நடத்திய சிறு கலைக்குழுவின் கோப்பு அது. மாணவர்களுக்கு வில்லுப்பாட்டும் மேடை நாடகமும் கற்பித்து வந்தோம். ஒருமுறை அரசு மானியத்திற்கு மனுச் செய்தோம், கிடைத்தது. ஒலிபெருக்கி வாங்கினோம்; உடைகள் தைத்தோம்; ஊரே பாராட்டும்படி ஒரு விழாவும் எடுத்தோம். மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தபோது, முந்திய ஆண்டின் செலவறிக்கையையும் பற்றுச்சீட்டுகளையும் கேட்டார்கள். பாதிச் சீட்டுகள் எங்களிடம் இல்லை. அறிக்கை போகவில்லை, மானியமும் வரவில்லை. மாதச் சந்தா வாங்கும் வழக்கத்தை மானியம் வந்த அன்றே நிறுத்திவிட்டோம். ஆகவே, இரண்டே ஆண்டுகளில் குழு கலைந்தது. வில்லுப்பாட்டுக் கற்ற பிள்ளைகள் வில்லை மறந்தார்கள்.

அந்நாளில் அரசைத்தான் குறை கூறினேன். இன்று அந்தக் கோப்பைப் புரட்டியபோது, என் முன்னோர் கலைக்கும் கல்விக்கும் எவ்வாறு பொருள் திரட்டினர் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

ரவாங் விளக்கும் தம்புசாமிப் பிள்ளையும்

நம் ரவாங்கிற்கு ஒரு பெருமை உண்டு. 1894ஆம் ஆண்டிலேயே இங்குள்ள ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி நிறுவப்பட்டது. மலாயாவில் மின்விளக்கை முதலில் கண்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. அதனை நிறுவியவர்கள் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலையும் பத்துமலைத் திருத்தலத்தையும் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதான்.

கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியின் முதல் அறங்காவலர்களுள் அவரும் ஒருவர். அப்பள்ளி 1893இல் உருவான விதம் கவனிக்கத்தக்கது. பேரரசி விக்டோரியாவின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவுக்காகத் திரட்டிய பணத்தில் எஞ்சியது ஒரு பங்கு. தமிழரும் சீனரும் பிறரும் கொடுத்த நன்கொடை ஒரு பங்கு. அரசு கொடுத்த மானியம் ஒரு பங்கு. மக்கள் கொடுத்ததைக் கண்டு அரசும் கொடுத்தது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

உயிரென்று கொடுத்த காசு

அடுத்த காட்சி 1950களில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்திற்கு முதலிடமா என்ற வழக்கும் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் எழுப்பினார். குரலோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். எளிய மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் துறையின் நூலகத்திற்குப் பயன்பட்டது. 1956இல் துறை தொடங்கியது.

பேராசிரியர்களுக்கு ஊதியம் அரசுப் பணம். அலமாரியில் இருந்த நூல்களுக்கு மக்கள் பணம். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஆசிரியர் சம்பளம் அரசினுடையது. மண்டபமும் கணினி அறையும் பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊராரும் தந்தவை.

பத்து வெள்ளியின் ஆற்றல்

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வரத் தொடங்கிய காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. பால்மரம் வெட்டுபவரிடம் ஒரேயடியாக நூறு வெள்ளி ஏது? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின.

இது நிலத்தின் கதைதானே, கலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோலாலம்பூரில் நூல் வெளியீட்டுக்கும் நாடகத்திற்கும் இசை நிகழ்ச்சிக்கும் நாம் செல்லும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் எங்கே இருக்கிறது? அதே கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தனில்! டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரத்தின் பெயரில் வழங்கப்படும் இலக்கியப் பரிசுகளுக்கும் அச்சங்கமே பின்புலம். மேடையில் மாலை வாங்கும் எழுத்தாளர் ஒவ்வொருவரும் பெயர் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சென்றாலும் இதுவே காட்சி. 1923 முதல் இசை வளர்க்கும் சங்கீத அபிவிருத்தி சபா உறுப்பினர்களால் நிலைபெற்றது. 1981இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், தொண்டர்களின் உழைப்பாலும், மனம்போல் கொடுங்கள் என்று கூறி உணவிடும் அன்னலட்சுமியாலும் அறியப்பட்டது.

அரசு என்ன செய்தது?

நியாயமாகப் பேசினால், அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற இயலாது. 1946இல் தொடங்கிய மலாயா வானொலி முதல் இன்றைய மின்னல் பண்பலை வரை, தமிழ் நாடகத்திற்கும் கதைக்கும் மெல்லிசைக்கும் அரசுப் பணம் சென்றிருக்கிறது. அதற்கு மானியம் என்று பெயரில்லாததால் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால், உரிமைக் கேள்வி ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டுக் கொள்கை, இவ்வட்டாரத்துப் பூர்வ மக்களின் பண்பாட்டை அடித்தளமாகக் கொண்டது. பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என்றது. இஸ்லாத்தை முக்கியக் கூறாக வைத்தது. எது பொருத்தம் என்று முடிவு செய்பவர் யார்? இக்கேள்வியோடு 1983இல் சீன அமைப்புகளும் 1984இல் இந்திய அமைப்புகளும் கூட்டு மனு அளித்தன. 1981இல் தொடங்கிய தேசிய இலக்கியவாதி விருதும் மலாய்மொழிப் படைப்பாளர்களுக்கே உரியது. இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டு வாழ்வை எழுதும் தமிழ் எழுத்தாளருக்கு அந்த வாயில் இல்லை.

இங்கே பிரிட்டனின் பட்டறிவு பயன்படும். போர் முடிந்து நாடு நொடித்துக் கிடந்த 1946இலேயே அங்குக் கலை மன்றம் அமைந்தது. பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் அதற்கு வித்திட்டவர். பணம் அரசினுடையது, யாருக்குத் தருவது என்பதைத் தனித்து நிற்கும் மன்றம் முடிவு செய்யும். சென்னையில் 1955இல் தோன்றி, இன்று இயல் இசை நாடக மன்றமாக விளங்குவதும், சிங்கப்பூரில் 1991இல் அமைந்த தேசியக் கலை மன்றமும் அரசுப் பணத்தைக் கலைக்கு அனுப்பும் வாய்க்கால்களே.

நம் நாட்டில் 2017இல் செண்டானா என்னும் அமைப்பு தோன்றிக் கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் நிதி வழங்கத் தொடங்கியது. இந்தியச் சமுதாயத்திற்கென 2014இல் அமைந்த செடிக், 2018இல் மித்ரா ஆனது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்ற ஒதுக்கீடு பலமுறை பேசப்பட்டது. அதன் முதன்மை நோக்கம் சமூகப் பொருளாதார மேம்பாடு. கலை அங்கே பின்வரிசையில்தான். மேலும், ஆட்சி மாறினால் பெயர் மாறும். பெயர் மாறினால் படிவமும் மாறும்.

மழையும் கிணறும்

ஆகவே, நான் கண்ட உண்மை இதுதான். மானியம் மழை, சந்தா கிணறு. மழை வேண்டாம் என்பவன் உழவனல்லன். கிணற்றைத் தூர்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பவனும் உழவனல்லன். நாங்கள் செய்த தவறு அதுவே.

மானியம் பிச்சையன்று, நாம் கட்டும் வரியில் நம் பங்கு. அதைக் கேட்பது உரிமை. கணக்குக் காட்டுவது கடமை. எனவே, கலைக்குழு நடத்தும் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்:

• 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்புங்கள்.

• ஐந்து ரிங்கிட் செலவானாலும் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள்.

• தகுதி இருந்தால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் வரிவிலக்கு அங்கீகாரம் பெறுங்கள். கொடுப்பவருக்கும் அது பயன் தரும்.

• மானியம் வந்தாலும் மாதச் சந்தாவை நிறுத்தாதீர்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பரதமோ மிருதங்கமோ வில்லுப்பாட்டோ கற்கும் குழுவிற்கு மாதம் பத்து ரிங்கிட் கொடுக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். பால்மரக் காட்டில் நின்று அதே பத்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அந்தப் பழைய கோப்பை நான் எறியவில்லை. அதன் முதல் பக்கத்தில் புதிதாக ஒரு சந்தாப் பட்டியலைச் செருகியிருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது.

அன்புடன்,
ரவாங்கிலிருந்து ஓர் ஆசிரியன்