கான்ஃபிக் கோப்பும் அதன் நகலும்

லினக்ஸ் கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். எந்த வட்டை எங்கே இணைப்பது, யார் யார் உள்ளே நுழையலாம், கணினிக்கு என்ன பெயர் என்பதெல்லாம் ‘எட்சி’ என்ற அடைவுக்குள் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸிலிருந்து வந்த ஏற்பாடு இது. யாரும் படிக்கலாம், கையாலேயே திருத்தலாம். அந்த வசதியினாலேயே, ஓர் எழுத்து பிசகினாலும் கணினி எழாமல் போய்விடக்கூடும்.

இத்தகைய கோப்பு கெட்டுப்போன பழைய கதைகளில் ஒன்று யூனிக்ஸுக்கும் முந்தியது. எம்.ஐ.டி.யில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய சி.டி.எஸ்.எஸ். கணினியில், 1966 வாக்கில் ஒரு நாள், உள்ளே நுழைந்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் அனைவரின் கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகின. திருத்தி என்ற நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. ஓர் அடைவில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அது. நிர்வாகிகள் இருவர் ஒரே அடைவில் இருந்துகொண்டு, ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் திருத்தியபோது இரண்டும் இடம் மாறிவிட்டன.

ஒரே கோப்பில் இரண்டு கைகள் மோதும் ஆபத்துக்கு 1980இல் வந்த 4.0 பி.எஸ்.டி. யூனிக்ஸ் ‘விஐபிடபிள்யூ’ என்ற கட்டளையைத் தந்தது. ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திறந்திருக்கும்வரை அது மற்றவருக்குப் பூட்டுப் போட்டுவிடும். பயனர்களுக்கு நிர்வாகி உரிமை தரும் சூடோவின் ‘விசூடோ’வும் இந்த வழியில் வந்ததுதான். எழுதியதில் பிழை இருந்தால் அது பழைய கோப்பின் மேல் கைவைக்காது, என்ன செய்யலாம் என்று கேட்டு நிற்கும். லினக்ஸில் பயனர் பட்டியல் மாறும்போது முந்தைய பட்டியல் ‘பாஸ்வேர்டு’ என்ற பெயரின் முடிவில் ஒரு சிறு கோடு சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கப்படுகிறது. பல நிர்வாகிகள் பல ஆண்டுகளாக எட்சிக்குள் பார்த்தும் பொருட்படுத்தாத அந்தக் கோடு போட்ட கோப்புதான் ஆபத்தில் முதலில் கைகொடுப்பது.

இந்தப் பழக்கங்கள் பெங்களூரின் ஓசூர் சாலைக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாளிகாவின் முனைப்பில், 1978இல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களின் 332 ஏக்கர் நிலத்தில், அந்தச் சாலையோரம், எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இந்தியாவில் பலரின் கைக்கு 1996இல் ‘பிசிகுவெஸ்ட்’ இதழுடன் வந்த சிடி வழியாகக் கிடைத்தது. 2001இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு நடந்தது.

சிடி வந்த காலத்தில் கெட்ட கணினியை மீட்கும் கருவி ஃபிளாப்பி. வட்டில் உள்ள லினக்ஸ் எழவில்லையென்றால், வெளியிலிருந்து ஒரு சிறு லினக்ஸை எழுப்பி, வட்டை இணைத்து, கோப்பைத் திருத்த வேண்டும். ‘டாம்ஸ்ஆர்டிபிடி’ என்ற தொகுப்பு, 1.44 எம்பி ஃபிளாப்பியையே 1.72 எம்பி கொள்ளும்படி வடிவமைத்து, முழு மீட்புக் கருவியையும் ஒரே தட்டில் அடக்கியது. 2000இல் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் அந்த வேலையை சிடிக்கு மாற்றியது. இப்போது பென்டிரைவ்.

வேலையின் வடிவம் மட்டும் மாறவே இல்லை. எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் புது வட்டுக்கு ஒரு வரி சேர்க்கும்போது அடையாள எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் போதும். அடுத்த முறை எழும்போது கணினி, இல்லாத வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போய்விடும். மூல வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் முதலில் அதை எழுதவும் அனுமதிக்கும்படி மறுபடி இணைக்க வேண்டும். பிறகு, திருத்தும் முன் எடுத்துவைத்த நகலைப் பழைய பெயரில் போட்டு, ‘மவுண்ட் மைனஸ் ஏ’ கொடுத்துப் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராவிட்டால் மறுபடி எழுப்பலாம். நகல் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் வட்டுகளின் அடையாள எண்களைத் தேடி, வரிவரியாக நினைவிலிருந்து எழுத வேண்டியதுதான்.

மனிதர் கை படாமலும் கோப்பு கெடும். 2009இன் தொடக்கத்தில், அப்போது புதிதாக வந்திருந்த ‘எக்ஸ்ட்4’ கோப்பு முறைமையில், கணினி திடீரென நின்றுபோனால் கான்ஃபிக் கோப்புகள் வெறுமையாகிவிடுவதாக உபுண்டு பயனர்கள் புகார் சொன்னார்கள். பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். முந்தைய ‘எக்ஸ்ட்3’ சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிடும். எக்ஸ்ட்4, வேகத்துக்காக, உள்ளடக்கத்தை எழுதுவதை அதைவிட வெகுநேரம் தள்ளிப்போட்டது. பழைய கோப்பைக் காலிசெய்தது பதிவாகி, புதிய எழுத்து வந்துசேரும் முன் மின்சாரம் போனால் இரண்டும் போயிற்று. பயன்பாட்டு நிரல்கள்தான் ‘எஃப்சிங்க்’ கொடுத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டெட் சோ. விதிப்படி அது சரி. ஆனால் மின்தடையில் கோப்பை இழந்தவருக்கு விதி எதையும் திருப்பித் தராது. அதையும் உணர்ந்து, கோப்பை மாற்றி எழுதும் வழக்கமான முறைகளை அடையாளம் கண்டு உடனே எழுதும் திருத்தத்தை அவரே செய்தார். அது 2.6.30 கெர்னலில் இடம்பெற்றது.

டெபியன் குடும்பத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கான்ஃபிக் கோப்பை ஒருவர் அழித்துவிட்டால், தொகுப்பை மறுபடி நிறுவினாலும் அது திரும்பாது. அழித்தது அவர் விருப்பம் என்று, தொகுப்புகளை நிறுவும் டிபேக்கேஜ் நிரல் எடுத்துக்கொள்கிறது. ‘ஃபோர்ஸ் கான்ஃப்மிஸ்’ என்ற தேர்வைச் சேர்த்தால்தான் மூலக் கோப்பு வரும்.

நகல் எடுக்க மறப்பது மனித இயல்பு என்பதால், 2007இல் ஜோயி ஹெஸ் ‘எட்சிகீப்பர்’ எழுதினார். அது எட்சி அடைவு முழுவதையும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியமாக்கி, ஒவ்வொரு நிறுவலின் முன்னும் பின்னும் பதிவுசெய்கிறது. நேற்றைய வரிக்கும் இன்றைய வரிக்கும் என்ன வேறுபாடு என்று பார்த்து, ஒரு கோப்பை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோகலாம். கோப்புகளின் அனுமதிகளையும் அது தனியே குறித்துவைக்கிறது. கிட் தானாக அவற்றை முழுமையாக நினைவில் வைப்பதில்லை. களஞ்சியம் அதே வட்டில் இருப்பதால் வட்டு செத்தால் வரலாறும் சேர்ந்து போகும். வேறு இடத்துக்கு அனுப்பி வைப்பவர்கள் அந்த இடத்தைப் பூட்டியே வைக்க வேண்டும், ஏனென்றால் மறைகுறியாக்கிய கடவுச்சொற்கள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பும் அதற்குள்தான் போகிறது.