வெளிநாட்டு செகண்ட்ஹேண்ட் காரும் நம்மூர் அட்வான்ஸும்: ஒரு பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ வைத்துக்கொண்டு படியுங்கள்.

பூட்டான் மொழியில் 'நும்கோர்' என்றால் வாகனம். 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் துறை இந்தப் பெயரை வைத்துக்கொண்டு கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட கார்களைப் பிடித்தது. பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக வந்தவை என்பது குற்றச்சாட்டு. சினிமா நடிகர்கள் வீட்டு வாசலில் அதிகாரிகள் நின்றதால் டிவிக்காரர்களுக்கு இரண்டு நாள் தீனி. நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடிகர்கள் படம்தான் ஓடியது. ஆனால் அடுத்த மாதம் அமலாக்கத் துறை சொன்ன ஒரு வரியை யாரும் பகிர்ந்ததாகத் தெரியவில்லை. இராணுவமும் தூதரகமும் கொடுத்தது போன்ற போலிக் காகிதங்கள் தயார் செய்து, இமாச்சலப் பிரதேசம் போன்ற தூரத்து மாநிலங்களில் பதிவு போட்டு, வண்டிகளை விற்றது கோவையை மையமாகக் கொண்ட ஒரு கூட்டம் என்பதுதான் அந்த வரி. கோவை நமக்கு எவ்வளவு தூரம்? ஐம்பது கிலோமீட்டர்.

இது புதிதாக முளைத்த மோசடி இல்லை. இதற்கு எழுபது வருட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் புரோக்கர் எந்த இடத்தில் நம்மை மடக்குகிறார் என்பது தெரியும்.

சுதந்திரத்துக்கு முன்னால் கார் என்றாலே வெளிநாட்டுக் கார்தான். பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் பாகங்களை இறக்கி வண்டி கூட்டினார்கள். உலகப் போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட ஜீப்பும் லாரியும் 'டிஸ்போசல்' ஏலத்தில் வந்தன. 1953-இல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. இங்கே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனி இடம், வெறுமனே பாகங்களைக் கூட்டி விற்பவர்கள் கிளம்பலாம் என்று அரசு முடிவு செய்தது. அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் கடையைக் கட்டின. பிறகு அம்பாசடர், ஃபியட், சென்னைக்கு வெளியே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இந்த மூன்றுதான் தேசத்தின் கார்கள். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை என் தலைமுறை நன்றாக அறியும். (கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் மியூசியம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அந்தக் காலத்து வண்டிகளை நேரில் பார்க்கலாம்.)

வாசல் மூடினாலும் வெளிநாட்டுக் கார் ஆசை மூடவில்லை. உள்ளே வரச் சில சின்னக் கதவுகள் இருந்தன. டெல்லியில் இருக்கும் தூதரக அதிகாரிகள் வரி கட்டாமல் கார் கொண்டுவரலாம். ஊர் திரும்பும்போது அதை நினைத்த ஆளுக்கு விற்க முடியாது, 1956-இல் தொடங்கிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் இம்பாலாவோ பென்ஸோ நின்றால், பல சமயம் அது ஏதோ ஒரு தூதர் ஓட்டிக் கழித்த வண்டிதான். வெளிநாட்டில் இரண்டு வருடம் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருபவர், அங்கே தான் ஓட்டிய காரைக் கொண்டுவரலாம் என்பது இன்னொரு கதவு. வந்த பின் குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. உலகம் சுற்றும் பயணிகள் 'கார்னெட்' என்ற காகிதத்தைக் காட்டித் தற்காலிகமாக வண்டி கொண்டுவரலாம், திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்று கதவிலும் ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். சலுகை ஆளுக்கு, வண்டிக்கு இல்லை. தூதருக்கு, குடிபெயர்பவருக்கு, பயணிக்கு. அந்த ஆளிடமிருந்து வண்டி கை மாறுகிற இடத்தில்தான் சட்டம் இருக்கிறது. புரோக்கர் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான். 2021 ஜூலையில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் நடத்திய 'ஆபரேஷன் மான்டி கார்லோ'வில் பிடிபட்டது இதுதான்: தூதரக அதிகாரிகள் பெயரில் வரியில்லாமல் இறக்கி, வெளியாட்களுக்கு விற்ற சொகுசுக் கார்கள்.

2001-இல் பெரிய மாற்றம். உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்காக இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்க வேண்டிய கட்டாயம் வந்தது. செகண்ட்ஹேண்ட் காரையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றாகிவிடும். ஜப்பானில் கார் பழசாக ஆக, கட்டாயப் பரிசோதனைச் செலவு ஏறும். அதனால் நல்ல நிலையில் உள்ள வண்டியையே தள்ளிவிடுவார்கள். அவை கப்பல் கப்பலாக இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. இங்கேயும் வந்தால் மாருதி கதி என்ன என்ற பயம். அரசு கதவைத் திறந்தது போலத் திறந்து, குறுக்கே மேஜை நாற்காலி எல்லாவற்றையும் போட்டது. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்குத் தோதாக இருக்க வேண்டும். இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று சான்று வேண்டும். மும்பைத் துறைமுகம் ஒன்றில்தான் இறக்கலாம். அதற்கு மேல் 105 சதவீத வரி. 2013 பட்ஜெட்டில் பழைய கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 100-இலிருந்து 125 சதவீதமானது.

வலப்பக்க ஸ்டீயரிங் என்ற ஒரே நிபந்தனையில் துபாய் வண்டியும் அமெரிக்க வண்டியும் வெளியே போய்விட்டன. நம்மூர் ஆட்கள் வளைகுடாவிலிருந்து தங்கம் கொண்டுவந்தார்கள், டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள், கார் கொண்டுவர முடியாததற்கு இது ஒரு காரணம். பூட்டானில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், வண்டிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். 2025-இல் வண்டிகள் ஏன் அந்தத் திசையிலிருந்து வந்தன என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மீதி விடை திறந்த எல்லை.

இப்போது மோசடியின் கணக்கு. கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் இதைப் போட்டுக் காட்டுகிறேன். குடிபெயர்ந்து வருபவரின் காருக்கு வரி போடும்போது, அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று பில்லை மட்டும் நம்பமாட்டார்கள். அந்த மாடல் புதிதாக இருந்தபோது என்ன விலை என்று பார்த்து, வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். முதல் வருடம் 16 சதவீதம், இரண்டாம் வருடம் 12, மூன்றாம் வருடம் 10, அதற்குப் பின் வருடம் 8, மொத்தக் கழிவு 70-ஐத் தாண்டாது. புது விலை 20 லட்சம் என்று வையுங்கள். ஒரு வருட வண்டிக்கு மதிப்பு 16 லட்சத்து 80 ஆயிரம். அதே வண்டியை மூன்று வருடப் பழசு என்று காட்டினால் 12 லட்சத்து 40 ஆயிரம். 2025 பட்ஜெட் வரை இருந்த 125 சதவீத வரியில் இந்த வித்தியாசம் மட்டும் ஐந்தரை லட்சம். மற்ற வரிகள் இதற்கு மேல். ஒரு சேசிஸ் நம்பரைத் தேய்த்து வேறு அடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? வண்டியின் வயதை ஏற்றுவதால் லாபம் வருகிற ஒரே வியாபாரம் இதுதான். உள்ளூரில் வயதைக் குறைப்பார்கள், துறைமுகத்தில் கூட்டுவார்கள்.

2013 மார்ச்சில் சென்னையில் சிபிஐ இறக்குமதிக் கார்களுக்காக நடத்திய சோதனை பலருக்கு நினைவிருக்கும். அது இரண்டு நாளில் கூட்டணி அரசியலாக மாறி, கார் சமாச்சாரம் காணாமல் போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வண்டிகள் எப்படி வந்தன, யார் கை மாற்றினார்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், யார் யாரைப் பழிவாங்கினார் என்ற விவாதத்தில் கரைந்துவிட்டது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் தனிக் காரணம் இருக்கிறது. இறக்குமதியான பழைய சாமானை வாங்குவதில் நம்மவர்களுக்கு ஈடு கிடையாது. 1970-களின் கடைசியில் எக்ஸ்போர்ட் தொடங்கிய பிறகு ஜெர்மனி, ஜப்பான் நிட்டிங் மெஷின் புதிதாக வாங்க எத்தனை பேரிடம் பணம் இருந்தது? அங்கே ஓடித் தேய்ந்ததைத்தான் பலரும் இறக்கினார்கள். எப்படி வாங்கினார்கள்? மெஷினை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கமாட்டார்கள். நூல் போட்டு நாலு கிலோ துணி எடுத்து, வெளிச்சத்தில் விரித்து, நீளவாக்கில் கோடு விழுகிறதா என்று பார்ப்பார்கள். சிலிண்டர் தேய்மானத்தை விரலால் தடவியே சொல்லும் ஃபிட்டர்கள் இருந்தார்கள். சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ், பில் ஆஃப் என்ட்ரி, எல்லாம் ஃபைலில் இருக்கும். ஆடிட்டர் கேட்பார், பேங்க் கேட்கும்.

அதே ஆட்கள் கார் என்று வந்தால் மட்டும் மாறிவிடுகிறார்கள்.

என் மாணவர் ஒருவர், சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார், போன வருடம் ஒரு ஜப்பான் ஜீப் பார்த்தார். மார்க்கெட்டில் இருப்பதில் பாதி விலை. வட மாநில நம்பர் பிளேட். எனக்குப் போட்டோ அனுப்பினார்.

"ஏனுங் சார், வண்டி எப்படீங்? டீலரு நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சவருதானுங்."

"வண்டி எனக்கென்னடா தெரியும்? எந்த நாட்டிலிருந்து, யார் பேருல இறக்குனாங்கன்னு கேட்டியா?"

"ஆர்சி இருக்குதுங் சார். ஆன்லைன்ல அடிச்சாலும் வருதுங். பேப்பரெல்லாம் பக்கான்னு சொன்னாருங்."

ஆர்சி இருக்கிறது! இந்த இடம்தான். ஆர்சி என்பது ஏதோ ஓர் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் இந்த நம்பரில் ஒரு வண்டி பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்த வண்டி தேசத்துக்குள் எப்படி வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்லும் காகிதம் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி. மெஷினுக்கு அதைக் கேட்காமல் நம்மவர்கள் ஒரு ரூபாய் கொடுக்கமாட்டார்கள். கேட்கச் சொன்னேன். டீலர் முதலில் "கொச்சின்ல ஆடிட்டர்கிட்ட இருக்குது" என்றாராம். மும்பையில் மட்டுமே இறக்கக்கூடிய வண்டிக்குக் கொச்சியில் ஆடிட்டர். பிறகு தூதரகத்தில் ஏலம் எடுத்தது என்றாராம். அதற்குள் இவர் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார், ரொக்கமாக, ரசீது இல்லாமல்.

பொருளாதாரம் படித்த பிள்ளைகள் ஜார்ஜ் அகர்லாஃப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். செகண்ட்ஹேண்ட் கார் சந்தையைப் பற்றி 1970-இல் ஒரு கட்டுரை எழுதி, அதற்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் கிடைக்கும், நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தைக்கே வரமாட்டான், சொத்தை வண்டிகள்தான் மிஞ்சும். இதுதான் அவர் வாதத்தின் சாரம். அந்தக் கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின என்பது ஒரு சுவாரசியம். அவர் 1967-68-இல் ஒரு வருடம் டெல்லியில் இருந்தார் என்பது இன்னொன்று. கட்டுரையில் அமெரிக்கக் காரோடு நம்மூர்க் கடை அரிசியும் வருகிறது, வீட்டுப் பெண்கள் கல் பொறுக்குவதும் வருகிறது.

ஆனால் இறக்குமதிக் காரில் கல் அரிசியில் இல்லை. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கும். எஞ்சின் பூனை மாதிரி ஓடும். எந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போனாலும் "எடுங்கண்ணா" என்றுதான் சொல்வார். குறை இருப்பது காகிதத்தில், அதையும் இரண்டு மூன்று கை மாறிய பிறகு வாங்குகிறவர் தேட வேண்டியிருக்கிறது.

தேடாமல் விட்டால் என்ன ஆகும்? கேரளத்தில் ஒரு பார்ஷே காரெராவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2002-இல் ஒருவர் இறக்கினார். இன்னொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து 2004-இல் மூன்றாமவர் வாங்கினார். பின்னர் சுங்கத் துறை வந்தது. வண்டியின் விவரங்களைத் தவறாகக் காட்டி வரியைக் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, சுமார் 18 லட்சம் பாக்கி வரியை வண்டி வைத்திருந்த மூன்றாமவரிடம் கேட்டது. அவர் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறினார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். உச்ச நீதிமன்றம் 2024 இறுதியில்தான் அவர் பக்கம் நின்றது: இறக்குமதி செய்தவர் அவர் இல்லை, வரியை அவரிடம் கேட்க முடியாது என்று. வாங்கியது 2004, விடுதலை 2024. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தை காலேஜ் முடித்திருக்கும்.

இந்தத் தீர்ப்பைச் சில டீலர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களாம், "வாங்குறவருக்குப் பிரச்சனையே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று. தீர்ப்பு சொன்னது வரிப் பாக்கியைப் பற்றி. கள்ளத்தனமாக வந்த பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. பறிமுதல் பொருளின் மேல் விழுவது, அது யார் கொட்டகையில் நிற்கிறது என்று பார்க்காது. நும்கோர் சோதனையில் வண்டியை இழந்தவர்கள் நாங்கள் காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்றார்கள். ஒரு நடிகர் உயர் நீதிமன்றம் போய், தற்காலிகமாக விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி உத்தரவு வாங்கினார். அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. பத்துப் பவர்டேபிள் ஓட்டி, சனிக்கிழமை சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமையே மூச்சு வாங்குபவர் என்ன செய்வார்?

என் மாணவர் அந்த வண்டியை எடுக்கவில்லை. இரண்டு லட்சம் இன்னும் வரவில்லை. கடைசியாகப் போன் போட்டபோது டீலர், "அது வித்துடுச்சு தம்பி, உங்க காசுக்கு வேற வண்டி பாத்துத் தர்றேன்" என்றாராம். அப்படியானால் வெள்ளை நிறம், வட மாநில நம்பர், முன்பக்க பம்பரில் பெரிய இரும்புச் சட்டம் வைத்த ஜப்பான் ஜீப் ஒன்று இப்போது நம் பக்கத்தில்தான் யாரோ ஒருவர் வீட்டில் நிற்கிறது. அவர் இந்தப் பதிவைப் படித்தால், பில் ஆஃப் என்ட்ரியை எடுத்து அதில் இருக்கும் சேசிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காகிதம் கையில் இல்லை என்றால் என் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சுங்க வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவர் என் பழைய மாணவர். பெயரை வெளியில் சொல்லமாட்டேன்.