பஞ்சம் என்ற சொல்லும் அதை அறிவிக்கும் அதிகாரமும்

1963-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரச் சட்டமன்றம் ஒரு விந்தையான சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத்தில் நடைமுறையில் இருந்த சட்டங்களிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லை நீக்குவதே அதன் நோக்கம். வேளாண் நிலைமையை அரசு இடையறாது கவனித்து வருவதால் பஞ்சம் தோன்ற இனி இடமில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அச்சொல் இருந்த இடத்தில் 'பற்றாக்குறை' என்ற சொல் வந்தமர்ந்தது. பத்தே ஆண்டுகளில், 1973 மே மாதத்தில், அதே மாநிலத்தின் நிவாரணப் பணியிடங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் கல்லுடைத்தும் மண் சுமந்தும் கொண்டிருந்தனர். மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது ஐந்து கோடிக்குச் சற்று அதிகம். பத்துப் பேரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

இந்தியாவில் வறட்சிக்கான முன்திட்டமிடலின் வரலாறு பெரும்பாலும் கண்காணிப்புக் கருவிகளின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது: முதலில் மழைமானி, பின்னர் பயிர் மதிப்பீடு, இன்று செயற்கைக்கோள். கருவிகள் வளர்ந்தது உண்மையே. ஆயினும் பஞ்ச விதிகள் தொடங்கி அண்மைக்கால வறட்சிக் கையேடு வரையிலான ஆவணங்களை வரிசையாக வாசிப்பவரை வேறொரு கேள்வியே உறுத்தும். வறட்சி வந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருடையது? சொன்னபின் செலவு யார் தலையில் விழும்?

இக்கேள்வியின் வேர் இரண்டு பஞ்சங்களுக்கு இடைப்பட்ட மூன்றாண்டுகளில் கிடக்கிறது. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசி தருவித்தார். பட்டினிச் சாவுகள் மிகச் சிலவே. பாராட்டுக்குப் பதிலாக, வீண்செலவு செய்தவர் என்ற பழியே அவருக்குக் கிட்டியது. 1877 தொடக்கத்தில், தக்காணமும் சென்னை மாகாணமும் பெரும் பஞ்சத்தில் சிக்கியிருந்த வேளையில், வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் செலவைக் குறைக்கும் பொறுப்புடன் அனுப்பினார். நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் வகுத்த கூலியே வரலாற்றில் அவர் பெயரால் நிலைத்தது. கடும் உடலுழைப்புக்கு அந்த அளவு போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். பம்பாய் மாகாணத்தில் பணியாளர்கள் வேலைத்தளங்களை விட்டே வெளியேறினர். அப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பதே பொதுவான மதிப்பீடு. முந்தைய பஞ்சத்தில் உயிர்களைக் காத்ததற்காகக் கண்டிக்கப்பட்ட அதிகாரி அடுத்ததில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் தற்காலிகப் பஞ்ச விதித்தொகுப்பு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. வறட்சிக்காக முன்கூட்டியே எழுதப்பட்ட நிர்வாகத் திட்டங்களில் இது உலக அளவிலேயே மிகப் பழையனவற்றுள் ஒன்று. அதன் நுட்பத்தை இன்றும் வியக்கலாம். தானிய விலை ஏற்றம், ஊர்விட்டு ஊர் அலைவோரின் பெருக்கம், பிச்சையெடுப்போர் கூடுதல், தானியக் கொள்ளை ஆகியவை அபாய அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. ஒவ்வொரு மாவட்டமும் குளம், கால்வாய், சாலை எனச் செய்யத்தக்க பணிகளின் பட்டியலை மதிப்பீட்டுடன் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் முதலில் சோதனைப் பணிகள் திறக்கப்படும். குறைந்த கூலிக்குக் கடும் வேலை செய்யவும் மக்கள் திரண்டு வந்தால் துயரம் மெய்யானது என்று முடிவு செய்யப்படும். பசித்தவன் தன் பசியை முதுகால் மெய்ப்பிக்க வேண்டிய ஏற்பாடு இது.

திட்டத்தின் ஒவ்வொரு சக்கரமும் சுழல ஓர் அச்சாணி வேண்டியிருந்தது. அதுவே அரசின் அறிவிப்பு. 1943இல் வங்கத்தில் அந்த அச்சாணி பூட்டப்படவேயில்லை. விதித்தொகுப்பு அலமாரியில் இருந்தது. பஞ்சம் மட்டும் அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் விதி வரையறுத்த அளவு உணவை வழங்கியாக வேண்டும், அதற்கான தானியம் கையிலில்லை என்று ஆளுநர் ரதர்போர்டு வைஸ்ராய்க்கு எழுதினார். அமர்த்தியா சென் தம் ஆய்வில் இதைச் சுட்டிக்காட்டுகிறார். கடமையைத் தோற்றுவிக்கும் சொல் என்பதாலேயே அச்சொல் தவிர்க்கப்பட்டது. இந்தப் பின்னணியில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

மீண்டும் மகாராஷ்டிரம். சஹ்யாத்ரி மலையின் மழைமறைவில் கிடக்கும் சாங்லி, சாத்தாரா, அகமதுநகர், சோலாப்பூர் போன்ற மாவட்டங்களின் கிழக்குத் தாலுகாக்களுக்கு வறட்சி புதிதன்று. 1970 முதல் தொடர்ந்து பொய்த்த மழை 1972இல் உச்சத்தை எட்டியது. பெருஞ்சாவுகள் நேராமல் தடுக்கப்பட்டதில் நிவாரணப் பணிகளுக்கு இருந்த பங்கை ழான் திரேஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். வேலை கேட்டு ஊர்வலங்களும் முற்றுகைகளும் நடந்தன; எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அழுத்தம் தந்தன. ஆவணங்கள் 'பற்றாக்குறை' என்றன. தெருவில் நின்றவர்கள் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை.

அந்த அனுபவத்தின் சட்ட வடிவமே வேலைவாய்ப்பு உறுதித் திட்டம். மாநில மேலவைத் தலைவராக இருந்த வி. ச. பாகே 1965இல் சாங்லி மாவட்டத் தாஸ்காவில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்த எண்ணம் அது. 1977இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலுழைப்பு வேலை கேட்டு விண்ணப்பித்தவருக்கு 15 நாட்களுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் நாளுக்கு ஒரு ரூபாய் வேலையின்மைப் படி. நகரத்தில் சம்பளம் வாங்குவோரிடம் திரட்டிய தொழில்வரியும் அதற்கு ஈடாக அரசு தந்த தொகையும் நிதியாயின. ஒவ்வொரு தாலுகாவும் பணிப்பட்டியலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1883இன் நேரடி வாரிசு. மாறியது அச்சாணி. ஆட்சியரின் அறிவிப்பு இருந்த இடத்தில் கூலித்தொழிலாளியின் விண்ணப்பம் வந்தது. மழை பொய்த்ததை முதலில் அறிபவர் அவர்தாம் என்பதால், இதைவிடச் சிறந்த முன்னெச்சரிக்கை அமைப்பை எந்தக் கருவியாலும் எளிதில் அமைத்துவிட முடியாது.

திட்டத்தில் குறைகள் இல்லாமலில்லை. ஒரு ரூபாய்ப் படி மிக அரிதாகவே வழங்கப்பட்டது. நீர்க்கசிவுக் குளங்களும் வரப்புகளும் பல ஊர்களுக்குப் பயன்பட்டன என்றாலும், நிலத்தடி நீர் உயர்ந்த இடங்களில் ஆதாயம் கிணறு வைத்திருந்தவருக்கே. மண் சுமந்தவருக்கு நிலமே கிடையாது. 1972இன் வறட்சிக்குப் பின் புரந்தர் தாலுகாவின் நாய்காவில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய நீர்ப்பஞ்சாயத்து, நிலமற்றவருக்கும் நீர்ப்பங்கு உண்டு என்று விதித்தது. சட்டம் தொடத் துணியாத இடம் அது.

2005இன் தேசிய வேலையுறுதிச் சட்டம் மகாராஷ்டிர மாதிரியை நாடெங்கும் கொண்டுசென்றது. ஆனால் பழைய அச்சாணியும் பின்வாசல் வழியே திரும்பியது. நூறு நாட்களுக்கு மேல் கூடுதலாக 50 நாள் வேலை, வறட்சி என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே என்று வகுக்கப்பட்டது. 2015-16 வறட்சியில் சில மாநிலங்கள் அறிவிக்கவே தயங்கின. குஜராத் 2016 ஏப்ரலில்தான் அறிவித்தது. ஸ்வராஜ் அபியான் வழக்கில் அதே ஆண்டு மே 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வறட்சிக் கையேட்டைத் திருத்துமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. ஆண்டிறுதியில் வெளிவந்த புதிய கையேடு மழைக்குறைவு, பயிர்ப்பரப்பு, மண் ஈரம், செயற்கைக்கோள் குறியீடு எனப் படிப்படியான அளவுகோல்களை வகுத்தது. தேசியப் பேரிடர் நிதியை நாட நிலைமை 'கடுமையானது' என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும். 'மிதமானது' என்றால் சுமை மாநிலத்தின் தோளில்.

2023 அக்டோபர் இறுதியில் மகாராஷ்டிரம் இவ்வளவுகோல்களின்படி 40 தாலுகாக்களில் வறட்சியை அறிவித்தது. விடுபட்ட பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த சில வாரங்களில் 900-க்கும் மேற்பட்ட வருவாய்க் குறுவட்டங்களுக்கு மாநில அரசு சில சலுகைகளை வழங்கியது. அரசாணை அவற்றுக்குச் சூட்டிய பெயர் 'வறட்சி போன்ற நிலை'.